ஐந்நூறு ரூபாய் போக்குவரத்துப் படி: கொடுத்துப் பயன் உண்டா?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபின், சம்பளச் சீட்டைப் பிரித்துப் போட்டு மறுபடி அடுக்கும் வேலை பல நிறுவனங்களில் நடக்கிறது. அப்போது கண்ணில் படுகிற ஒரு வரி ‘போக்குவரத்துப் படி’. சில இடங்களில் 800 ரூபாய், சில இடங்களில் 1,600, இன்னும் சில இடங்களில் ஒரு 500. அந்தத் தொகை ஏன் அந்தத் தொகையாக இருக்கிறது என்று கேட்டால் அக்கவுண்ட்ஸ் பிரிவிலேயே பதில் இருக்காது. இருப்பதை வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிடலாமா, இதுவரை கொடுக்காத சிறு நிறுவனம் இனிக் கொடுக்கலாமா என்று குழப்பம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுக்கும் சிறு படியால் நிறுவனத்துக்கும் பலன் இல்லை, ஊழியருக்கும் பெரிய பலன் இல்லை. அதைச் சம்பளத்தோடு சேர்த்துவிடுவதே நேர்மை. ஆனால் அதே பணத்தை, ஊழியர் தனியாளாகச் செய்துகொள்ள முடியாத ஒரு காரியத்தில் போட்டால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

## ஒரே பெயரில் நான்கு விஷயங்கள்

‘பயணச் சலுகை’ என்று பொதுவாகச் சொல்வதில் நான்கு வகை உண்டு. வரியும் சட்டமும் நான்கையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

1. ரொக்கப் படி. மாதாமாதம் சம்பளத்தோடு வருவது. பஸ்ஸில் வந்தாலும் நடந்து வந்தாலும் ஒன்றுதான்.
2. பாஸ் அல்லது டிக்கெட் பணம். உண்மையில் வாங்கிய பாஸுக்கு நிறுவனம் முழுவதுமோ பாதியோ தருவது.
3. வண்டி. கம்பெனி பஸ், வேன், இரவு ஷிப்டுக்கான கார்.
4. வண்டி நிறுத்த இடம். இதை யாரும் சலுகை என்று நினைப்பதே இல்லை. நான்கிலும் விலை அதிகமானது பெரும்பாலும் இதுதான்.

வேலை நேரத்தில் வாடிக்கையாளரைப் பார்க்கவோ வங்கிக்கோ போய்வரும் செலவு இதில் சேராது. அது பணிக்கான செலவு. ரசீது வைத்து வாங்கினால், செலவான அளவுக்கு வரியும் கிடையாது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே உள்ள தூரம் மட்டுமே இங்கே பேச்சு.

## 800, 1,600 எங்கிருந்து வந்தன?

வருமான வரியிலிருந்துதான். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், போக்குவரத்துப் படிக்கு மாதம் 800 ரூபாய் வரை வரி விலக்கு இருந்தது. 2015-16 நிதியாண்டில் அது 1,600 ஆனது. ரசீது தேவையில்லை. ஆகவே வரியை மிச்சப்படுத்த எல்லா நிறுவனங்களும் சம்பளத்திலிருந்து அந்த அளவைப் பிரித்துச் சீட்டில் தனி இனமாகப் போட்டன. கையில் வரும் பணம் கூடவில்லை, பெயர்தான் மாறியது.

2018-19இல் அந்த விலக்கு நீக்கப்பட்டு, மருத்துவச் செலவு விலக்கோடு சேர்த்து 40,000 ரூபாய் நிலைக் கழிவாக (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) மாற்றப்பட்டது. இன்று நிலைக் கழிவு பழைய முறையில் 50,000, புதிய முறையில் 75,000. பார்வையற்றோர், காது கேளாத வாய் பேச முடியாதோர், உடல் இயக்கக் குறைபாடு உள்ளோர் ஆகியோருக்கு மட்டும் மாதம் 3,200 ரூபாய் வரை தனி விலக்கு 1961 சட்டத்தில் தொடர்ந்தது. தகுதியுள்ள ஊழியர் இருந்தும் இதைச் சம்பளச் சீட்டில் காட்டாமல் விட்ட நிறுவனங்கள் உண்டு. மற்றவர்களுக்குச் சீட்டில் இருக்கும் அந்தப் படி ஒரு தழும்பு மாதிரி. காரணம் போய்விட்டது, அடையாளம் மட்டும் நிற்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை; சம்பளக்காரர்களுக்கு நிலைக் கழிவோடு சேர்த்து 12.75 லட்சம். மாதம் 18,000, 25,000 வாங்குபவருக்கு அந்த 500 ரூபாய்க்கு வரி உண்டா இல்லையா என்ற கேள்வியே எழாது.

வண்டி விஷயம் வேறு. வீட்டிலிருந்து வேலையிடத்துக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் நிறுவனம் தரும் வாகனத்தில் போய்வருவதை, ஊழியர் பெற்ற சலுகையாகக் கணக்கிடக் கூடாது என்று 1961 சட்டத்தின் 17(2) பிரிவின் விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. கம்பெனி பஸ்ஸின் மதிப்பு யாருடைய வரிக் கணக்கிலும் ஏறாது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறும். பழைய எண்ணை மேற்கோள் காட்டும் சம்பளக் கொள்கை ஆவணங்களைத் திருத்த வேண்டும்.

## பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., ஐம்பது விழுக்காடு

ரொக்கப் படியில் சிக்கல் வருவது இந்த இடத்தில்.

பி.எஃப். விஷயத்தில் 2019 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு முக்கியமானது. எல்லோருக்கும் ஒரே மாதிரி, எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுக்கப்படும் படி, பெயர் எதுவானாலும் அடிப்படைச் சம்பளத்தின் பகுதிதான் என்றது அந்தத் தீர்ப்பு. மேற்கு வங்கப் பள்ளி ஒன்றின் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட பல வழக்குகளில் போக்குவரத்துப் படியும் இருந்தது. பி.எஃப். சம்பள உச்சவரம்பு 15,000. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து அதற்கு மேல் போய்விட்டவர்களுக்குக் கூடுதல் பாரம் இல்லை. அதற்குக் கீழே இருப்பவருக்கு 500 ரூபாய் படி பி.எஃப்.பில் சேர்ந்தால், நிர்வாகக் கட்டணத்தோடு நிறுவனத்துக்கு 13 விழுக்காடு, அதாவது 65 ரூபாய் கூடும். ஊழியர் கையிலிருந்து 60 ரூபாய் பிடிக்கப்படும். தொகை சிறியது. ஆனால் மூன்று வருடம் கட்டாமல் விட்டு, பிறகு ஆய்வில் பிடிபட்டால் வட்டியும் அபராதமும் சேர்ந்து வரும்.

ஈ.எஸ்.ஐ.யில் நிலைமை நேர்மாறு. பயணப்படியும் பயணச் சலுகையின் மதிப்பும் ‘ஊதியம்’ ஆகாது என்று ஈ.எஸ்.ஐ. சட்டமே சொன்னது. போக்குவரத்துப் படி அதில் அடங்குமா என்ற வழக்கு கோயம்புத்தூரின் டெக்ஸ்மோ இண்டஸ்ட்ரீஸ் தொடர்பாக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 மார்ச்சில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பானது.

நான்கு தொகுப்புகளில் ஒன்றான புதிய ஊதியத் தொகுப்பில் போக்குவரத்துப் படி ஊதியத்தில் சேராத இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்த இனங்கள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகிவிடும். ஒரு கணக்கு: அடிப்படையும் பஞ்சப்படியும் 9,000, வீட்டு வாடகைப்படி 8,000, போக்குவரத்துப் படி 3,000, மொத்தம் 20,000. விலக்கு இனங்கள் 11,000, பாதி 10,000. மிகுந்த 1,000 ஊதியத்தில் சேர்ந்து, ஊதியம் 10,000 ஆகிறது. பணிக்கொடையும் இதை வைத்துத்தான். வீட்டு வாடகைப்படியை ஏற்கெனவே பெரிதாக வைத்திருக்கும் நிறுவனம், கூடவே போக்குவரத்துப் படியையும் சேர்த்தால் இந்த எல்லையில் முட்டும்.

படிக்கும் பயணத்துக்கும் உண்மையில் தொடர்பு இருக்க வேண்டும் என்பதே பாதுகாப்பான வழி: தூரத்தைப் பொறுத்தோ, வாங்கிய பாஸைப் பொறுத்தோ, வேலைக்கு வந்த நாட்களைப் பொறுத்தோ தொகை மாற வேண்டும். எல்லோருக்கும் 500 என்று போட்டுவிட்டு, பெயரைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பது ஆடிட்டரின் தலைவலியை வளர்க்கும்.

## வாங்குபவர் பக்கத்தில் 500 ரூபாய்

அதே 500 யாருக்கு எவ்வளவு என்று சென்னையை வைத்துப் பார்க்கலாம். மாதம் 26 வேலை நாள்.

பைக்கில் ஒரு வழி 15 கிலோமீட்டர் வருபவர் மாதம் 780 கிலோமீட்டர் ஓட்டுகிறார். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்றால் 17 லிட்டருக்குச் சற்று மேல். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் பெட்ரோல் மட்டும் சுமார் 1,750 ரூபாய். ஆயில், டயர், இன்ஷூரன்ஸ் தனி. அவருக்கு 500 என்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணமான 50 ரூபாய் தூரம் வருபவருக்கு மாதம் 2,600. பயண அட்டைத் தள்ளுபடி 20 விழுக்காடு போக 2,080. மாநகரப் பேருந்தில் ‘விருப்பம் போல் பயணம்’ மாதப் பாஸ் 1,000 ரூபாய், ஏ.சி. பஸ்ஸும் சேர்த்து 2,000. பாஸ் எடுப்பவருக்கு 500 சரிபாதி. புறநகர் ரயிலில் இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான் என்பதால், அவருக்கு அந்த 500 செலவையே தாண்டிவிடும்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் வரும் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட்டே இல்லை. அவர்களுக்கு அது முழுக்கச் சம்பள உயர்வு. தவறில்லை, ஆனால் அது பயணச் சலுகை அல்ல. நடந்து வருபவருக்கும் அப்படியே. ஊரப்பாக்கத்திலிருந்து இரண்டு வண்டி மாறி வருபவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து, ‘எனக்கும் அதே ஐந்நூறுதானா?’ என்று கேட்டால் நிர்வாகத்திடம் பதில் இல்லை.

மத்திய அரசின் போக்குவரத்துப் படி இதன் இன்னொரு உருவம். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் நிலை 1, 2இல் இருப்பவருக்கு 1,350, நிலை 3 முதல் 8 வரை 3,600, நிலை 9 முதல் 7,200, ஒவ்வொன்றோடும் பஞ்சப்படி. தூரம் இந்தக் கணக்கிலேயே இல்லை. குறைந்த சம்பளம் வாங்குபவர்தான் வாடகைக்குப் பயந்து ஊருக்கு வெளியே குடியிருப்பார் என்பதை யோசித்தால் இந்த வரிசை தலைகீழாகத் தெரியும்.

## நிறுவனம் பக்கத்தில் 500 ரூபாய்

60 பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்ளலாம். 60 பேர், 500 ரூபாய், 12 மாதம்: ஆண்டுக்கு 3,60,000.

இதற்கு என்ன திரும்ப வரவேண்டும்? ஆள் நிற்க வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும். ஒருவர் போய் இன்னொருவர் வந்தால் ஆகும் செலவை உங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்தே எடுக்கலாம்:

1. ஆள் பிடித்துத் தந்த ஏஜென்சிக்குக் கட்டிய தொகை.
2. காலியிடம் நிரம்பும் வரை மற்றவர்களுக்குக் கொடுத்த ஓவர்டைம்.
3. புது ஆள் முழு வேகத்துக்கு வரும் வரையான சம்பளத்தில் பாதி.
4. அந்தக் காலத்தில் கூடுதலாகப் போன கழிவு, திரும்பச் செய்த வேலை.

நான்கும் சேர்ந்து ஓர் ஆளுக்கு 30,000 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 3,60,000 ரூபாய் தன்னைத்தானே மீட்க, போகவிருந்த 12 பேர் போகாமல் நிற்க வேண்டும். அறுபதில் பன்னிரண்டு. மாதம் 500 ரூபாய்க்காக ஐந்தில் ஒருவர் முடிவை மாற்றிக்கொள்வார் என்று நம்ப முடியாது. பக்கத்துக் கம்பெனி 1,000 கூடக் கொடுத்தால் போய்விடுவார்.

அதே பட்டறையில் வந்து சேர்வதே பாடாக இருப்பவர்கள் 15 பேர் என்று வைப்போம். அந்த 15 பேருக்கு மட்டும் தலைக்கு 600 ரூபாயில் ஒரு வழி செய்தால் ஆண்டுக்கு 1,08,000. மீட்க நான்கு பேர் நின்றால் போதும். வேலையை விடுபவர்களில் தூரத்தைக் காரணம் சொல்பவர்கள் இந்தப் பதினைந்துக்குள்தான் இருப்பார்கள்.

தாமதத்தைக் கணக்குப் போடும்போது ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. மாதம் 18,000, 26 நாள், 8 மணி நேரம் என்றால் ஒரு மணி நேரச் சம்பளம் 87 ரூபாய்க்குக் கிட்ட, கால் மணி தாமதம் சுமார் 22 ரூபாய். இதற்கா இவ்வளவு என்று தோன்றும். தனி மேசையில் உட்காரும் வேலைக்கு அது சரி. வரிசையில் ஓடும் வேலைக்கு அது தப்பு. பத்துப் பேர் லைனில் ஒருவர் வராவிட்டால் மீதி ஒன்பது பேரும் காத்திருக்கிறார்கள்.

## சிறு பணம் எங்கே வேலை செய்யும்

ரொக்கம் சம்பளத்தோடு கலந்து மறைந்துவிடும். மூன்றாவது மாதம் யாருக்கும் நினைவிருக்காது. கலக்காத சலுகைகள் கீழே.

வட்டியில்லா முன்பணம். பைக்கின் பின்டயர் தேய்ந்து, இன்ஷூரன்ஸும் முடிந்த மாதத்தில்தான் ஊழியர் அடிக்கடி லீவு போடுகிறார். அப்போது அவருக்கு 10,000 தேவை. மாதம் 1,000 வீதம் பத்து மாதத்தில் பிடித்தால், சராசரி நிலுவை 5,500. பன்னிரண்டு விழுக்காடு வட்டி என்றாலும் நிறுவனத்துக்கு மொத்தச் செலவு 550 ரூபாய். படியாகக் கொடுத்தால் அதே ஆளுக்கு ஆண்டுக்கு 6,000 போயிருக்கும். இந்த அளவுச் சிறு கடன் ஊழியரின் வரிக் கணக்கில் சலுகையாக ஏறாது. எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வேலையை விட்டுப் போகும்போது நிலுவை என்ன ஆகும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுவது நல்லது.

பாஸில் பாதி. வாங்கியதைக் காட்டினால் பாதி. பாஸ் எடுக்காதவருக்கு இல்லை என்பதால் செலவு குறைகிறது, பி.எஃப். வாதமும் வலுவாகிறது. சிக்கல் வரும் இடம் தேதி. பாஸ் மாத முதல் வாரத்தில் வாங்க வேண்டும், சம்பளம் ஏழாம் தேதி, திரும்பக் கிடைப்பது அடுத்த மாதம். கையில் ஆயிரம் இல்லாதவருக்கு அந்தச் சலுகை இருந்தும் இல்லாததுதான். பாதியை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, பாஸைப் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டும். மாநகரப் பேருந்திலும் மெட்ரோவிலும் செல்லும் சிங்காரச் சென்னை அட்டையில் நிறுவனமே பணம் ஏற்றித் தருவது இன்னும் எளிது.

ஷிப்ட் நேரத்தை நகர்த்துவது. செலவே இல்லாதது, ஆகவே யாரும் யோசிக்காதது. 8.30 ஷிப்டுக்கு ரயில் 8.24க்கு வந்து, நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை என்றால், அந்த ரயிலில் வருபவர் அத்தனை பேரும் தினமும் தாமதம். அல்லது முந்தைய ரயிலைப் பிடிக்க அரை மணி முன்னால் எழ வேண்டும். ஷிப்டை 8.40 ஆக்கினால் பிரச்சினை தீர்ந்தது. மாலையிலும் அப்படியே பார்க்க வேண்டும். வேலை நேர அறிவிப்பை மாற்றி ஒட்ட மறக்கக் கூடாது.

இரவு. இது விருப்பம் அல்ல, கடமை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளையும் நிறுவனங்களையும் நாள் முழுக்கத் திறந்து வைக்கத் தமிழ்நாட்டில் 2019 முதல் தரப்பட்டுவரும் அனுமதியில், இரவு 8 முதல் காலை 6 வரை பெண்கள் எழுத்துபூர்வ ஒப்புதலோடு மட்டுமே வேலை செய்யலாம், ஷிப்டில் வேலை செய்யும் பெண்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடு வேண்டும், அதை முகப்பில் அறிவிப்பாக வைக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. ‘படி கொடுத்துவிட்டோம், ஆட்டோவில் போகட்டும்’ என்பது ஏற்பாடு ஆகாது. அதே சமயம், சட்டப்படி கட்டாயமான வண்டி வாடகைக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவு (வாடகையில் கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்கும் என்பதைப் பல நிறுவனங்கள் கோட்டை விடுகின்றன.

## வேன் விடுவதானால்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் இல்லாமல் ஷிப்ட் ஓடாது. திருப்பூர் பனியன் கம்பெனிகளின் வேன் சுற்றுக் கிராமங்களுக்குப் போகாவிட்டால் மெஷினில் உட்கார ஆள் இருக்காது. அங்கெல்லாம் வண்டி என்பது சலுகை அல்ல, மூலப்பொருள் கொண்டுவருவது மாதிரி. கேள்வி வருவது நடுத்தர இடங்களில்: அம்பத்தூர் தொழிற்பேட்டை மாதிரி, ரயிலும் பஸ்ஸும் பக்கத்தில் இருந்தும் கடைசி மூன்று கிலோமீட்டர் இடிக்கும் இடங்களில்.

நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு 17 இருக்கை வேன், காலையிலும் மாலையிலும் இரண்டு நடை, மாதம் 45,000 ரூபாய்க்குப் பேசியதாக வைப்போம். 34 இடம். 30 பேர் ஏறினால் தலைக்கு 1,500. 16 பேர் மட்டும் ஏறினால் 2,800க்கு மேல். அந்த வழியில் ஷேர் ஆட்டோ 20 ரூபாய்க்குப் போகிறது என்றால் மாதம் 1,040 தான். பகலில் ஷேர் ஆட்டோ ஓடும் வழியில் வேன் விடுவது பணத்தைக் கொட்டுவது. ஆட்டோ கிடைக்காத நேரத்துக்கும் இடத்துக்கும் மட்டுமே வேன்.

ஒப்பந்தத்துக்கு முன் பார்க்க வேண்டியவை:

1. இருக்கை எண்ணிக்கை. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேருக்கு மேல் அனுமதி உள்ள வண்டியின் வாடகைக்கு உள்ளீட்டு வரவு உண்டு. 13 அல்லது அதற்குக் கீழே என்றால் கிடையாது. 12 இருக்கை வேன் ஓட்டுநரோடு சரியாகப் பதின்மூன்றில் நிற்கிறது. வாடகை சற்றுக் குறைவு என்று அதை எடுத்துவிட்டு வரவை இழப்பவர்கள் உண்டு.
2. ரிவர்ஸ் சார்ஜ். வண்டிக்காரர் தனிநபரோ கூட்டாண்மையோ ஆக இருந்து, டீசலோடு சேர்த்து வாடகை பேசி, முழு வீத வரி போடாமல் விட்டால், வாடகைக்கு எடுக்கும் கம்பெனியே 5 விழுக்காடு கட்ட வேண்டும். பில்லில் வரி இல்லையே என்று விட்டுவிடக் கூடாது.
3. மஞ்சள் போர்டு. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டினால் விபத்தில் இன்ஷூரன்ஸ் கை விரிக்கும். ஒப்பந்த ஊர்தி பெர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பயணிகளைச் சேர்த்த இன்ஷூரன்ஸ், ஓட்டுநரின் உரிமம் ஆகியவற்றின் நகலை வாங்கி, முடியும் தேதிகளை ஓரிடத்தில் குறித்து வைக்க வேண்டும். நிறுவனமே பஸ் வாங்கி ஓட்டினால் அதற்கான பெர்மிட் வேறு.
4. காலி ஓட்டம். ஷெட்டிலிருந்து முதல் நிறுத்தம் வரையான தூரம் யார் கணக்கு என்று எழுதாவிட்டால் மாதக் கடைசியில் சண்டை அதில்தான் வரும்.
5. டீசல் விலை. எவ்வளவு ஏறினால் எவ்வளவு கூட்டுவது என்று முதலிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் விலை ஏறிய மாதம் வண்டி ‘ரிப்பேர்’ ஆகும்.
6. மாற்று வண்டி. எத்தனை நிமிடத்தில், யார் செலவில்.

இரண்டு நடை ஓட்டினால் முதல் நடைக்காரர்கள் காலையில் சீக்கிரம் வந்து காத்திருப்பார்கள், மாலையில் கடைசி நடைக்காரர்கள் காத்திருப்பார்கள். ஒரே கோஷ்டி இரண்டு முறையும் காத்திருக்கும்படி அமைந்துவிட்டால் ஒரு மாதத்தில் வேன் பாதி காலியாகும். வாரம் ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

வண்டி விட்டால் விபத்துப் பொறுப்பு தலையில் விழுமே என்ற பயம் பலருக்கு உண்டு. ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் நிறுவன வண்டியில் வரும்போது நேரும் விபத்து முன்பே பணி விபத்தாகக் கருதப்பட்டது. 2010 திருத்தத்துக்குப் பின், வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால் சொந்தப் பயணத்தில் வரும் விபத்தும் அப்படியே. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இதே வழியில் போகிறது. வண்டி விடாமல் இருந்துவிட்டால் பொறுப்பு இல்லை என்பது இப்போது பொருந்தாது.

## கணக்கில் வராத சலுகை

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் சுமார் இரட்டிப்பு, 270 சதுர அடிக்குப் பக்கம். அலுவலக வாடகை ஒப்பந்தத்தில் கூடுதல் கார் இடத்துக்கு மாதம் எவ்வளவு என்ற வரியைத் தேடிப் பாருங்கள். மேலாளர் ஒருவருக்கு நிறுவனம் மாதாமாதம் தரும் பயணச் சலுகை அது. அவருக்கு அது தெரியாது. அதே கட்டடத்தில் பஸ்ஸில் வருபவருக்கு 500 ரூபாய் தரலாமா என்று கூட்டம் போடுகிறார்கள்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 1992இல் இதற்கு ஒரு சட்டம் போட்டது: வாடகைக்கு எடுத்த கார் இடத்தை இலவசமாகத் தரும் நிறுவனம், வேண்டாம் என்பவருக்கு அதன் விலையைப் பணமாகத் தர வேண்டும். வண்டி நிறுத்த இடங்களை ஆராய்ந்த பேராசிரியர் டொனால்ட் ஷூப் எட்டு நிறுவனங்களில் ஆய்ந்தபோது, தனியாகக் காரில் வருவோர் பங்கு 76 விழுக்காட்டிலிருந்து 63க்கு இறங்கியிருந்தது. அங்கே பணம் ஆளை மாற்றியதற்குக் காரணம், அது எதையோ விட்டுக்கொடுத்தால் மட்டும் கிடைத்தது. சும்மா வரும் படிக்கு அந்தக் குணம் கிடையாது. அதே நாடு சைக்கிளில் வருவோருக்கு மாதம் 20 டாலர் வரிச் சலுகை வைத்திருந்தது. 2018இல் நிறுத்தி வைத்து, 2025இல் அடியோடு எடுத்துவிட்டது. ஜப்பானில் பயணப்படிக்கு மாதம் 1,50,000 யென் வரை வரி இல்லை; பிரான்சில் பொதுப் போக்குவரத்துப் பாஸில் பாதியை நிறுவனம் தந்தே ஆக வேண்டும். இரண்டும் உண்மையான செலவைப் பின்தொடர்பவை.

## முடிவெடுக்கும் முன் எடுக்க வேண்டிய பட்டியல்

ஒரு தாள் போதும். ஒவ்வொருவரிடமும் ஐந்து கேள்வி: பின்கோடு, எதில் வருகிறீர்கள், எத்தனை வண்டி மாறுகிறீர்கள், எந்த இடத்தில் அதிக நேரம் போகிறது, மாதம் எவ்வளவு ஆகிறது. வருகைப் பதிவேட்டில் மூன்று மாதத் தாமதத்தை அதன் பக்கத்தில் எழுதினால் தெரிந்துவிடும். தாமதம் ஒரே பின்கோட்டிலோ ஒரே ரயிலிலோ குவிந்திருந்தால் ஏதாவது செய்யலாம். எல்லாத் திசையிலும் சிதறியிருந்தால் பயணச் சலுகை எதுவும் வேண்டாம்; அந்தப் பணத்தைச் சம்பளத்தில் போடுங்கள். பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்யும் அலுவலகத்துக்கும், எல்லோரும் இரண்டு கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் பட்டறைக்கும் இதே பதில்.

ஏற்கெனவே இருக்கும் படியை எடுப்பதானால் அடுத்த மாதச் சீட்டில் சத்தமில்லாமல் நீக்கிவிட முடியாது. தொழிலாளர் வரையறைக்குள் வருபவர்களுக்குப் படிகளில் மாற்றம் செய்ய, தொழில் உறவுகள் தொகுப்பின் 40ஆம் பிரிவுப்படி 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அடிப்படைச் சம்பளத்தில் முழுமையாகச் சேர்த்துவிட்டாலும் அறிவிப்பைக் கொடுத்துவிடுவது நல்லது. சேர்த்தபின் அந்த 500க்குப் பி.எஃப்., பணிக்கொடை, போனஸ், ஓவர்டைம் எல்லாம் ஏறும் என்பதால், நிறுவனத்துக்கு ஆகும் உண்மைச் செலவை அந்த நான்கையும் கூட்டிய பிறகே முதலாளியிடம் சொல்ல வேண்டும்.